கிணற்றில் கிடந்த டார்ச்

க்ளிங் என்றது.

சேறு அப்பி, முழங்கை நீளத்துக்கு ஒரு களிமண் உருளை போலிருந்த அதை நான் சும்மாதான் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல உருண்டு உலோகத்தில் மோதியது. உச்சி வெயிலில், கிணற்று மேட்டில் நின்றிருந்த நான் இன்னொரு தரம் ஆட்டினேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அக்காவின் கணவர், என் மாமா, வரப்பில் நடந்து வரும்போது டார்ச்சைத் தொடையில் தட்டிக்கொண்டே வருவார். ஒவ்வொரு தட்டுக்கும் அதன் பின்மூடிக்குள் செருகியிருக்கும் உபரி பல்பு ஒருதரம் க்ளிங் என்னும். ஆள் தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். நாய் எழுந்து சோம்பல் முறிக்கும். அக்கா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

அவர் இந்தக் கிணற்றில் விழுந்து செத்துப் பல வருடங்களாகிவிட்டன. சத்தம் இப்போதுதான் மேலே வந்திருக்கிறது.

நல்லூரைத் தாண்டி, இந்தக் கிணறு இருந்த தோட்டத்தை அக்கா விற்றுவிட்டாள். வாங்கியவர்கள் கிணற்றை மூடிக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். மூடுவதற்கு முன்னால் தண்ணீரை இறைத்து, பழைய மோட்டார் பைப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் சார்பில் நான் போய் நின்றிருந்தேன். தூர் வாரிய பீகார்க்காரர் ஒருவர், சேற்றுக் கூடையிலிருந்து இதை இரண்டு விரலால் தூக்கி என்னிடம் நீட்டினார். இந்தியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. கொடுத்த கையோடு போய்க் கையைக் கழுவினார். கழுவிவிட்டு மறுபடியும் கழுவினார்.

அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு நிறம் உண்டு. கடல் தாண்டி இருக்கும் யாரோ எந்த நிறத்தில் பனியன் கேட்டார்களோ, அந்த நிறம் சாயப் பட்டறையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, மெதுவாக நடந்து, ஒருநாள் எங்கள் கிணற்றுக்கு வந்து சேரும். ஒரு வருடம் செங்கல் நிறம். ஒரு வருடம் பாசிப் பச்சை. மேட்டில் குவித்திருந்த சேற்றை மண்வெட்டி வெட்டிய இடத்தில், அந்த வருடங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. டார்ச்சில் ஒட்டியிருந்த சேறு ஊதா. மாமா இறந்த வருடம் தண்ணீர் ஊதாவாகத்தான் இருந்தது. அவரை மேலே தூக்கிக் கிடத்தியபோது வேட்டியும் ஊதா, கால் நகமும் ஊதா.

அன்றைக்கு நடந்ததில் தெரிந்தது கொஞ்சம்தான். பொழுது இறங்கி இருட்டுக் கட்டும் நேரம். மோட்டாருக்கான மும்முனைக் கரண்ட் அப்போதுதான் வந்தது. மோட்டார் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாமா கிளம்பினார். திரும்பவில்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மோட்டார் ரூமுக்கு விளிம்போரமாகத்தான் போக வேண்டும். மோட்டார் ஓடியிருக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவருடைய ஷெட்டில் பனியன் பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஆர்டர் இல்லாமல் துணி போர்த்தி நின்றிருந்தன. ஊர் இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, குதித்துவிட்டார் என்றது. எழவுக்கு வந்தவர்கள் வாசலிலேயே அப்படிப் பேசினார்கள். கதவோர ஆணியில் மாட்டியிருந்த டார்ச்சைக் காணோம், வெளிச்சம் எடுத்துக்கொண்டு போனவர் எப்படிக் குதிப்பார் என்று அக்கா ஒவ்வொருவரிடமும் கேட்டாள். டார்ச் கிடைக்கவில்லை. அது எப்போதோ தொலைந்திருக்கும் என்று மாமாவின் பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா கேட்பதை நிறுத்திக்கொண்டாள். கேள்வி நிற்கவில்லை. அவள் சோறு போடும்போதும், பேத்திக்குத் தலை வாரும்போதும், ஆணி இருந்த சுவரைப் பார்க்கும்போதும் அது அவள் முகத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் டார்ச்சைப் பழைய பனியன் துணியில் சுற்றி அவளிடம் கொண்டுபோனேன். பெங்களூரில் இருக்கும் மகளோடு போய்விடுவதாக இருந்தாள். வீடு பாதி காலியாகியிருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, துணியைப் பிரித்துப் பார்த்தாள். தொடவில்லை.

"சுச்சு எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாரு கண்ணு. முன்னால தள்ளியிருந்தா அவுரு வெளிச்சம் போட்டுட்டுத்தான் போயிருக்காரு. பின்னால இருந்துச்சுன்னா..."

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எதா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிப் போடோணும். அப்பறம் அதை எரிய வெச்சுக் குடு. நான் கொண்டுட்டுப் போறேன்."

சரிங்கக்கா என்றேன்.

ஊருக்குள், மண்ணரைப் பகுதியில் நான் இருக்கும் அறைக்குக் கீழே ஒரு நிட்டிங் யூனிட். வட்ட மெஷின்கள் சுற்றச் சுற்றத் தரை ஓயாமல் நடுங்கும். தண்ணீர் டம்ளரில் வளையம் வரும். எழுத உட்கார்ந்தால் பேனா தானாக ஒரு கோடு போடும். பழகிவிட்டது, மெஷின் நின்றால்தான் பயமாக இருக்கும். டார்ச்சை மேசைமேல், கண்ணாடிப் பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தபோது அது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் ஜன்னல் பக்கம் திருப்பினேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடியும் கதவு. நடுக்கத்தில் நகர்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நடுக்கம் ஏன் அதை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் திருப்ப வேண்டும் என்பது தெரியாது. மேசை சாய்ந்திருக்கலாம். மேசைக் காலுக்கு அட்டை வைத்து மட்டம் பார்த்தேன். அது இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திரும்பியது, அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடும்பத்தோடு இருக்கிறாள். பனியனுக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். வராந்தாவில் நான் டார்ச்சை வாளியில் ஊறப்போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, செல்போனிலேயே லைட் இருக்கும்போது இதை வைத்து எந்தப் புதையலைத் தேடப் போகிறேன் என்று கேட்டாள். கிணற்றில் கிடந்தது என்றேன். யாருடையது என்றும் சொன்னேன். கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படித்தான் உறங்குதீயளோண்ணே."

உறங்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

புளியைக் கரைத்து ஊற்றினேன். சுண்ணாம்புபோல் இறுகியிருந்த மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. யூனிட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பனியன் வேஸ்டில் ஒரு கை அள்ளி வந்து தேய்த்தேன். முதலில் ஊதா வந்தது. அப்புறம் கறுப்பு. அப்புறம், எங்கோ ஓரிடத்தில், நகம் அளவுக்குப் பித்தளை மின்னியது. சேறு போய் ஒரு முகம் வெளியே வருவது போலிருந்தது. கையைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டேன்.

சுவிட்ச் இருந்த இடத்தில் மட்டும் பொருக்கு கெட்டியாக இருந்தது. கத்தி வைக்கப் பயம். கத்தி பட்டு நகர்ந்துவிட்டால் அக்காவின் கேள்வி அதோடு போய்விடும். ஊசியை எடுத்து, பல்லில் ஒட்டியதை நோண்டுவது போல நோண்டினேன். அரைப் பகல் போனது. எதிர்ச்சுவரில் வெயில் ஏறி இறங்கியது. முதலில் சுவிட்ச் ஓடும் நீளப் பள்ளத்தின் பின்முனை தெரிந்தது. காலி. அங்கே குமிழ் இல்லை. அதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் காலி. குமிழ் முன்கோடியில், எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அங்கேயே உறைந்து கிடந்தது. ஒரு கட்டைவிரல் அழுத்திய அழுத்தம் இத்தனை வருடம் தண்ணீருக்குள் காத்திருந்தது.

விழும்போது கல்லில் பட்டு நகர்ந்திருக்காதா என்று ஒரு குரல் உள்ளுக்குள் கேட்டது. விரலால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. மாமா எப்போதும் சொல்வார், இந்தச் சுவிட்சைத் தள்ள ஒரு ஆம்பளை வேணும் என்று. தட்டினால் நகர்கிற சுவிட்ச் இல்லை அது.

அக்காவுக்கு போன் செய்தேன். முன்னால தள்ளியிருக்குதுங்கக்கா என்றேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு அவள் சிரித்தாள். அழுகை கலக்காத சிரிப்பு. அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் கேட்ட சிரிப்பு. மாமாவின் பங்காளி வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டுச் சொல்லப் போகிறேன் என்றாள். சொல்லியும் இருக்கிறாள். மறுநாள் எனக்கு அந்த வீடுகளிலிருந்து போன் வந்தது. ஒருவர், அன்னைக்கே நான் அப்படித்தான் நெனச்சேன் மாப்பிள்ளை என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எரிய வைத்துக் கொடு என்று அவள் கேட்டிருந்தாள்.

பின்மூடி திறக்கவில்லை. மரை இறுகியிருந்தது. தையல் மெஷின் ஆயிலை விட்டு வைத்தேன். கொதிக்கும் தண்ணீரை மூடிமேல் மட்டும் ஊற்றி, துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். கிறீச்சென்ற சத்தத்தோடு விட்டது. ஒரு வாய் அளவு தண்ணீர் வழிந்தது. ஊதா. மாமாவைத் தூக்கிய அன்றைக்கு இருந்த அதே தண்ணீர். இத்தனை நாள் வெயிலே படாத தண்ணீர். வராந்தா சிமெண்டில் அது ஓடிய தடம் இன்னும் இருக்கிறது. எவ்வளவோ தேய்த்துப் பார்த்துவிட்டேன்.

மூடிக்குள் உபரி பல்பு இருந்தது. உடையவில்லை. துருப்பிடித்த ஸ்பிரிங் விரல் பட்டதும் உதிர்ந்தது. அதற்கு அடியில் குழாய்க்குள் பார்த்தேன்.

இங்கே அந்த வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டார்ச்சில் போடும் பேட்டரி செல்லை நாங்கள் கட்டை என்போம். அந்த டார்ச்சுக்கு இரண்டு கட்டை. அக்கா எதையும் வீணாக்க மாட்டாள். ஒருமுறை அணைக்க மறந்து பைக்குள் போட்டதில், கட்டை தீர்ந்து, ஒழுகி, டார்ச்சே நாறிப்போனது. அன்றிலிருந்து டார்ச்சை ஆணியில் மாட்டுவதற்கு முன்னால் பின்கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவாள். அப்படிப் போட்டால் ஒரு கட்டை இன்னொரு கட்டைக்கு எதிர்த்து நிற்கும், சுவிட்சைத் தள்ளினாலும் எரியாது, தீராது. மாமா வெளியே கிளம்பும்போது மூடியைக் கழற்றி, கட்டையை நேராக்கி, மாட்டிக்கொண்டு போவார். போகிற போக்கில் என்னிடம் சொல்வார்: "உங்கக்கா ஊட்டுல வெளிச்சம் வேணும்னா மொதல்ல பேட்டரிய நேரா நிக்கச் சொல்லிக் கும்புடோணும் மாப்ள." அக்கா உள்ளேயிருந்து, கும்பிட்டால் ஒன்றும் குறைந்துபோக மாட்டீர்கள் என்பாள்.

குழாய்க்குள், பின்பக்கத்தில், கட்டையின் பித்தளைக் குமிழ் தெரிந்தது. அது முன்னால், பல்பைப் பார்த்து இருக்க வேண்டும். அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குச்சியால் தட்டி எல்லாவற்றையும் காகிதத்தின்மேல் கொட்டினேன். கட்டைகள் கறுப்புச் சேறாகியிருந்தன. உள்ளே இருக்கும் கரிக்குச்சிகள் மட்டும் முழுசாக வந்தன, தலையில் பித்தளைத் தொப்பியோடு. முன்கட்டை சரியாகத்தான் இருந்தது. பின்கட்டை தலைகீழ். அந்த வீட்டில் கட்டையைத் திருப்பிப் போடும் கை ஒன்றுதான்.

கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. காகிதத்தின்மேல் அந்தக் கரிக்குச்சி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்துவிட்டது, போய்விடும் முன்னால் மோட்டார் போட வேண்டும், அவசரம். ஆணியிலிருந்து எடுத்த டார்ச்சைத் திறந்து பார்க்க அன்றைக்கு மறந்திருக்கிறார். கிணற்றோரம் வந்ததும் சுவிட்சைத் தள்ளியிருக்கிறார். எரியவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளியிருக்கிறார். எரியாத டார்ச்சை எல்லோரும் என்ன செய்வோமோ அதைச் செய்திருப்பார்: உள்ளங்கையில் தட்டியிருப்பார். க்ளிங். மறுபடி தட்டியிருப்பார். டார்ச்சைத் தட்டுகிறவன் காலைப் பார்ப்பதில்லை.

வெளிச்சம் வேண்டும் என்றுதான் அவர் நின்றிருக்கிறார். அக்காவின் கேள்விக்கு அது பதில். அந்தப் பதிலைத் திருப்பினால் அதன் பின்னால் அவளுடைய கையே இருந்தது.

காகிதத்தைச் சுருட்டினேன். எங்கே போடுவது என்று தெரியாமல் வீதி வீதியாக நடந்தேன். குப்பைத்தொட்டி, சாக்கடை, காலி மனை எல்லாவற்றையும் தாண்டினேன். கடைசியில் நொய்யல் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்று விட்டெறிந்தேன். கீழே நுரை மிதந்துகொண்டிருந்தது. கறுப்பாக விழுந்தது, நுரை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு வேலை மட்டும். குழாயின் உட்புறத்தை, குச்சியில் எமெரி உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தேன். சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் பித்தளைத் தகடு பச்சை பூத்திருந்தது, சுரண்டிப் பளபளப்பாக்கினேன். சுவிட்சைப் பின்னால் இழுக்கத்தான் மனம் வரவில்லை. அது ஒருத்தரின் கடைசி விரல். வேறு வழியில்லை. ஆயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். டக்கென்று வந்தது. என் கட்டைவிரல் அந்தக் குமிழின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தியிருந்தது.

ஸ்பிரிங்குக்கு என்ன செய்வதென்று உட்கார்ந்திருந்தபோது பக்கத்து அறைப் பெண் வந்தாள். எட்டவே நின்று, பழைய ஓவர்லாக் மெஷினில் கழற்றிய ஸ்பிரிங் ஒன்றைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டாள். சரியாக இருந்தது. புதுக் கட்டைகள் வாங்கி, இரண்டையும் நேராகப் போட்டேன். முன்னால் இருந்த பல்பின் இழை அறுந்திருந்ததால் உபரி பல்பை மாட்டினேன். அத்தனை வருடம் கிணற்றுக்குள் எரியாமல் உருண்டுகொண்டிருந்த பல்பு.

சுவிட்சைத் தள்ளினேன். எரியவில்லை. யோசிக்காமல் உள்ளங்கையில் தட்டினேன். எரிந்தது.

நல்ல பகல். ஆனாலும் அறைச் சுவரில் ஒரு வட்டம் விழுந்தது. வெள்ளையாக இல்லை. கண்ணாடிக்குள் இறங்கியிருந்த சாயம் போகாததால் இளம் ஊதா. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. டார்ச்சைப் பக்கவாட்டில் நகர்த்தினால் வட்டம் நகர்ந்தது. புள்ளி சற்றுத் தாமதித்து வந்தது போலிருந்தது. கீழே இருந்து யாரோ மேலே பார்த்தால் கிணற்று வாய் இப்படித்தான் தெரியும் என்று தோன்றியதும் அணைத்துவிட்டேன். வாசலில் நின்றிருந்த அந்தப் பெண், எரியுது பாருங்க என்று மட்டும் சொன்னாள். சிலுவை கையில்தான் இருந்தது.

அக்கா கிளம்பும் நாள் காலையில் கொண்டுபோனேன். சாமான்கள் போய்விட்டிருந்தன. காலி வீட்டில் பேச்சு எதிரொலித்தது. வாசலில் கார் நின்றது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு கைப்பை. சுவிட்ச் சேதி கேட்ட நாளிலிருந்து அவள் முகம் மாறியிருந்தது. நெற்றியில் இருந்த ஒரு சுருக்கத்தைக் காணோம். டார்ச்சை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என்னமாப் பளபளன்னு பண்ணிட்டே என்றாள். சுவிட்சைத் தள்ளி, முன் சீட்டின் முதுகில் அந்த ஊதா வட்டத்தைப் பார்த்தாள். அணைத்தாள். மோட்டார் போடப் போனவரைக் குதித்தார் என்று சொன்ன வாய்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். கோபமில்லாமல்தான்.

பேசிக்கொண்டே அவள் கை பின்மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாமல். மூடி வந்தது. பின்கட்டையை வெளியே எடுத்தாள். பைக்குள் வைப்பதற்கு முன்னால், எப்போதும்போல், அதைத் தலைகீழாகத் திருப்பிக் குழாயின் வாய்வரை கொண்டுபோனாள்.

அங்கே கை நின்றது.

பேச்சும் நின்றது. குழாயின் இருட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் அந்தச் சுருக்கம் மெதுவாக, தண்ணீர் ஊறுவது போல, வந்து சேர்ந்தது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள கட்டை எப்படிக் கெடந்துச்சு கண்ணு?"

"எல்லாங் கரைஞ்சு போச்சுங்கக்கா. ஒண்ணும் தெரியலீங்க."

என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பார்க்கும் பார்வை. நான் அவள் மடியில் இருந்த பையைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த கட்டையைத் தன் பக்கம் ஒருமுறை திருப்பி, அதன் குமிழை விரலால் தடவினாள். பிறகு அதை நேராகப் போட்டாள். மூடியைத் திருகினாள், இறுக்கமாக, இன்னும் ஒரு சுற்று. சுவிட்சை முன்கோடிவரை தள்ளினாள். எரிகிற டார்ச்சை அப்படியே பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். துணிக்குள்ளிருந்து ஊதாவாக ஒரு வெளிச்சம் கசிந்தது.

வண்டி நகரத் தொடங்கியது. அக்கா, அணைக்காம வெச்சுட்டீங்க என்றேன், கூடவே நடந்துகொண்டு.

"எரியட்டும் உடு. தீந்துச்சுன்னா வேற கட்டை வாங்கிக்கலாம்."